ஒன்பதாம் வளைவுப் பலகை

போடி பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் ராஜாராம், 1982 கோடை விடுமுறையில் வீட்டு மாடியறை முழுக்கப் பொம்மை ரயில் அமைத்தார். 1958-இல் இருந்த போடி ஸ்டேஷன், அதன் பின்னால் போடிமெட்டுக்கு ஏறும் சாலை. தீக்குச்சி உயரப் பலகைகள்கூட அந்த வருஷத்தில் இருந்தபடியே இருக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். கிலோமீட்டர் கூடாது, மைல்தான். அதற்காகவே பெயிண்டர் கன்னையனைக் கூப்பிட்டிருந்தார். அந்தக் காலத்தில் மலைச்சாலைப் பலகைகளை எழுதியவர் அவர்தான்.

இரண்டு நாளில் மைல்கற்கள், ரயில்வே கேட் பலகை எல்லாம் முடிந்தன. அடுத்தது ஒன்பதாம் வளைவு என்று வாத்தியார் சொன்னதும் கன்னையனின் கை நின்றுவிட்டது.

1958-இல் அந்தப் பலகையை நட்ட மூன்றாம் நாள், மூடுபனியில் மேலே ஏறிய லாரி ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்தது. டிரைவர் காசிமாயனுக்கு ஒரு கால் போயிற்று. பலகையும் லாரியோடு போய் நொறுங்கியது. அம்புக்குறியைப் பக்கம் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேச்சு. கன்னையனுக்கே நிச்சயமில்லை, அன்றைக்குக் காய்ச்சலோடு எழுதியிருந்தார். யாரிடமும் வாய் திறக்காமல் இருபத்து நான்கு வருஷம் ஓட்டிவிட்டார்.

இப்போது எல்லாவற்றையும் வாத்தியாரிடம் சொன்னார். வாத்தியார், பொம்மைச் சாலைக்காகத் தேடிச் சேர்த்திருந்த பழைய புகைப்படங்களில் ஒன்றைப் பீரோவிலிருந்து எடுத்து வந்தார். எஸ்டேட் குடும்பம் ஒன்று அந்த வளைவில் ஜீப்பை நிறுத்தி எடுத்துக்கொண்டது. பின்பக்கம் இருந்த தேதி, விபத்துக்கு முந்தின நாள். புதுப் பெயிண்ட் பளபளக்கும் பலகையில் அம்பு இடதுபக்கம் வளைந்திருந்தது. அதற்கு அப்பால் சாலையும் இடதுபக்கமே திரும்பியது.

"படத்தை இடம் வலமா மாத்திக் கழுவியிருப்பாகளோ?" என்றார் கன்னையன்.

"மாத்திக் கழுவியிருந்தா ரோடும் சேந்து மாறியிருக்கும்ல அண்ணே. ரெண்டும் ஒரே பக்கம்தான போகுது? நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீக."

கன்னையன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னத் தகரத்தில் அம்பை ஒரே இழுப்பில் வரைந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி சந்திரவல்லியை அழைத்துக்கொண்டு போடிமெட்டு பஸ்சில் ஏறினார். அந்த விபத்துக்குப் பிறகு கன்னையன் அந்தப் பாதையில் போனதே இல்லை. ஒன்பதாம் வளைவில் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார். புதுப் பலகை ஒன்று நின்றது.

"எழுத்து கோணலா இருக்கு," என்று மனைவியிடம் சொன்னார். "என்னையக் கூப்பிட்டிருந்தா நல்லா எழுதியிருப்பேன்."