நீலக் குப்பி

சட்டைக் காலரின் இடப்பக்கம் ஒரு பீச்சு, வலப்பக்கம் ஒரு பீச்சு, காலை ஐந்தேகாலுக்குக் கண்ணாடி முன்னால் நின்று அடித்துக்கொள்கிறார், அந்த நீலக் குப்பி உஸ் உஸ் என்று இரண்டு முறை மூச்சுவிடுகிறது, எலுமிச்சைத் தோலையும் சூடேறிய ரப்பரையும் சேர்த்து அரைத்தது போல ஒரு நெடி அடுப்படிவரை வந்து என் காபியைக் கெடுக்கிறது, இந்தக் கருமத்த அடிக்காதீங்கன்னா கேக்குறீங்களா, பஸ்ல ஏறுறவங்க டிக்கெட் வாங்குவாங்களா மயங்கி விழுவாங்களா என்று கத்துகிறேன், அவர் கண்டக்டர் பையைத் தோளில் மாட்டியபடி, அவங்க ஜன்னலத் தொறந்துக்குவாங்க, நீயும் தொறந்துக்க என்று சிரிக்கிறார், சிரித்தார், மூன்று மாதத்துக்கு முன்பு டெப்போ வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, அன்று காலையும் நான் நாத்தம் என்றுதான் சொல்லி அனுப்பினேன்.

கல்யாணத்துக்கு அவர் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த செண்ட் அது, பிறகும் வருடத்துக்கு ஒன்று அனுப்பிக்கொண்டிருந்தான், வயிற்றில் பிள்ளை இருந்தபோது அந்த நெடியில் வாந்தி எடுத்தேன், ஏழு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் அன்று தலைவலி மண்டையைப் பிளக்க, பாயை எடுத்துட்டு ஹாலுக்குப் போங்க என்றேன், போனார், இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலையணையை இடுக்கிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார், இப்ப வாசன வருதாடி என்று கேட்டார், ஏன் அப்படிக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை, அதே நாத்தம்தான், போங்க என்றேன், ஏதோ சொல்ல வாயெடுத்தவர் தலையணையைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போனார், அதற்குப் பிறகு கேட்கவேயில்லை, பாயும் ஹாலிலேயே இருந்துவிட்டது.

அவர் போன பிறகு தினமும் ஒரே ஒரு பீச்சு அடித்து முகர்கிறேன், நான் மூக்கைப் பொத்திக்கொண்ட அதே நெடி, இப்போது அது வராவிட்டால் பொழுது நகர்வதில்லை, குப்பியில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, இதேபோல வேண்டுமென்று பெரிய கடைவீதியில் மைதீன் பாயின் அத்தர் கடையில் நிற்கிறேன், பாய் குப்பியைத் திருப்பிப் பார்த்து, இந்தத் திருகு மூடி என் கைவேலையாச்சே, நீங்க தேவசகாயம் சார் வீட்டம்மாவா என்கிறார், உள்ளங்கையில் அடித்து, கடைக்குள்ள மூக்கு வேல செய்யாதும்மா என்று தெருவுக்குப் போய் முகர்கிறார், திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு சங்கடம், இது வெறும் தண்ணிம்மா, வெளையாடாதீங்க பாய், நேத்துகூட மோந்து பாத்தேன், அல்லாமேல ஆணையா தண்ணிதாம்மா, நானே கழுவிக் குடுத்தது, ஏழு வருசம் இருக்கும், கிறிஸ்துமஸ் முடிஞ்ச வாரம் வந்தாரு, செண்டுக் கடைக்கு வந்து செண்டக் கொட்டிக் கழுவுங்கன்னு கேட்ட ஒரே மனுசன், வீட்டுல ஆவல பாய்ன்னாரு, அப்பக் குப்பியத் தூக்கிப் போடுங்கன்னேன், ரெண்டு உஸ்ஸு அடிக்காம கால் பஸ்ல ஏறாது பாய்ன்னு சொல்லி, இந்தக் குழாயிலதான் புடிச்சுட்டுப் போனாரு.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, தலையணை, விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறேன், எப்படி எண்ணினாலும் அவர் என் அறை வாசலில் நின்றபோது அவர்மேல் தண்ணீர்தான் இருந்திருக்கிறது, குப்பி தீர்வதே இல்லையே, இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறானே என்று அவர் தம்பியை அல்லவா திட்டிக்கொண்டிருந்தேன், ஏழு வருடம் நான் எதை முகர்ந்தேன், எதைத் துரத்தினேன், அந்த மனுசன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அடியே இது தண்ணிடி என்று என் முகத்தில் பீச்சியிருக்கக் கூடாதா. பாய் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார், உக்காருங்கம்மா, வேற ஏதாச்சும் பாக்குறீங்களா, வேண்டாம் பாய், அந்தக் குழா எங்க இருக்கு. நிறைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வருகிறேன், அவர் ரூட் பஸ் வேறு யாரோ விசில் ஊதப் புறப்படுகிறது, புடவைத் தலைப்பின் இடப்பக்கம் ஒரு பீச்சு, வலப்பக்கம் ஒரு பீச்சு, கழுத்து குளிர்கிறது, முகர்கிறேன், மூச்சை இழுத்து இழுத்து முகர்கிறேன், நேற்றுவரை வந்தது, இன்று டீசல், தூசி, நனைந்த துணி, வேறொன்றுமில்லை, தலையணையோடு நிற்கிறார், இப்ப வாசன வருதாடி, வரலைங்க, சத்தியமா வரலைங்க, உள்ள வந்து படுங்க.