கேள்வி கேட்பவருக்கு ஒரு மைக்

"என் வகுப்புல மைக் வேணும் சார். எனக்கில்ல, பசங்களுக்கு."

இந்த ஒன்றை மட்டும் எந்த ஜென்மத்திலும் கேட்டுத் தொலைக்காதே என்று, கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் அவள் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா சொல்லியிருந்தாள். "காது கேக்கலன்னு தெரிஞ்சா எதனால போச்சுன்னு துருவுவாங்க. அப்புறம் நெஞ்சு விஷயம் வெளிய வரும். வேலையும் நிக்காது, ஒரு பயலும் பொண்ணு கேட்டு வரமாட்டான்."

கேட்டாயிற்று.

துறைத்தலைவர் பேனாவை மூடினார். "பசங்களுக்கு எதுக்கும்மா மைக்? அவங்க கத்துறது என் ரூம் வரைக்கும் கேக்குது. அவங்க புகாரே வேற. ஒண்ணு கேட்டா நீங்க இன்னொண்ணுக்குப் பதில் சொல்றீங்களாம். இங்கிலீஷ் புரியலையோன்னு..." என்று இழுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுல நீங்கதான் முதல் பட்டதாரி. கொஞ்ச நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ் போயிட்டு வாங்க. அதுவரைக்கும் லேப்ப மட்டும் பாத்துக்கோங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அகராதியோடு மல்லுக்கட்டி, பாடப்புத்தகத்தை வாய்விட்டுப் படித்துப் படித்து நாக்கைப் பழக்கிய பாஷை. அதைப் போய்ச் சொத்தை என்கிறார்! கோளாறு பாஷையில் இல்லை, காதில். மாத்திரைக்கு மசியாத காசநோய்க்கு அவளுக்கு மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். ஊசி நோயைக் கொன்றது. கையோடு காதிலும் பாதியைக் கொண்டுபோயிற்று. எதிரே உட்கார்ந்து பேசினால் கேட்கும். கடைசி வரிசையிலிருந்து வரும் கேள்வியில் பாதி எழுத்து வழியிலேயே உதிர்ந்துவிடும். மிச்சத்தை உதட்டசைவைப் பார்த்து ஒட்டவைப்பாள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு முனகினால் போச்சு.

"இங்கிலீஷ் நல்லாவே வரும் சார். காதுதான் வராது. மருந்துக்கு அடங்காத டி.பி. இருந்துச்சு எனக்கு. ஊசியில போன காது."

சொல்லி முடிப்பதற்குள் அவர் நாற்காலி ஓரடி பின்னால் போயிருந்தது. கை சன்னல் கொக்கியைத் தேடியது.

"சிரமப்படாதீங்க சார். குணமாகி நாலு வருஷமாச்சு. குணமானவங்ககிட்டேருந்து தொத்தாதுன்னு போன வாரம் நீங்கதான் பாடம் எடுத்தீங்க. எனக்கே கேட்டுச்சுன்னா பாத்துக்கோங்க."

அவர் முகத்தில் அசடு வழிந்தது. கொக்கியை விட்டார், நாற்காலியை முன்னே இழுக்கவில்லை. "உங்க நல்லதுக்குச் சொல்றேன். இது இந்த ரூமோட இருக்கட்டும். இங்கிலீஷ் வீக்குன்னே இருந்துட்டுப் போகட்டுமே, அதுல என்ன கேவலம்? இது வெளிய போனா பெத்தவங்க படையெடுத்து வந்துடுவாங்க."

அம்மாவின் பேச்சேதான், சட்டை பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தது. அம்மா பயத்தில் சொன்னாள், போகட்டும். இவர் கிருமியைக் காட்டிச் சம்பளம் வாங்குகிறவர்.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தாள்.

"இப்ப அடுத்த வகுப்பு என்னோடது சார். மருந்தை எதிர்க்கிற கிருமி. நான்தான் எடுப்பேன், இங்கிலீஷ்லதான் எடுப்பேன். கேள்வி கேக்குறவன் எழுந்து நின்னு, வாயத் தொறந்து பேசணும்னு முதல்லயே சொல்லிடுவேன். ஏன்னும் சொல்லிடுவேன்."

"வேலை நிரந்தரமாகப் போற நேரம்மா இது. கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சுட்டுத்தான் சார் உள்ள வந்தேன்."

கதவைச் சாத்தக்கூட நிற்கவில்லை. படிக்கட்டில் மாணவர்கள் ஆடி அசைந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். "வழி விடுங்கப்பா" என்று அவர்களை இடித்து முந்திக்கொண்டு மேலே போனாள்.