கழற்றிய பின் சீட்டு

மழை விட்டும் சந்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மெய்ரிக் பழைய குளியலறை விரிப்பொன்றைப் போட்டு அதன்மேல் முழங்காலிட்டு, காரின் முன்பக்கக் காற்று வலைக்குப் பிளாஸ்டிக் பலகை அடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று நின்று, வாங்க ஆள் வராமலே காற்றில் சாய்ந்த பலகை அது. ரொட்டி வெட்டும் கத்தியால் அதை அளவாக அறுத்திருந்தான்.

"முடிஞ்சுதா இல்லையா? இட்வல் பெரியவர் நனைஞ்ச படுக்கையில கெடப்பாரு," என்றாள் டெலித். நீலச் சீருடைக்கு மேல் மழைக்கோட்டு போட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கீழ கை அகலத்துக்கு விட்டிருக்கேன். இஞ்சினுக்கு அந்தக் காத்து போதும். சூடு காட்டுற முள்ளு மேல ஏறுதான்னு மட்டும் பாத்துக்க."

"எல்லாத்தையும் அடைச்சாச்சு. என் மூக்கு ஒண்ணுதான் பாக்கி."

"அது பெட்ரோல் குடிக்காதே," என்றான் அவன். அவள் சிரித்துவிட்டாள்.

டெலித்துக்கு வேலை வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டுவதும் மாத்திரை கொடுப்பதும். காரும் அவளுடையது, பெட்ரோலும் அவளுடையது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் தூரத்துக்கு மட்டும் கம்பெனி மைல் காசு கொடுக்கும். விடியற்காலை கிளம்பிப் போவதும் இரவு திரும்பி வருவதும் அவள் தலையெழுத்து. பெட்ரோல் விலை ஏறிய பிறகு மைல் காசு யானைப் பசிக்குச் சோளப்பொரியாகிவிட்டது. இப்படியே போனால் காரை நிறுத்த வேண்டியதுதான். கார் நின்றால் வேலையும் நிற்கும். இரும்பாலை மூடி மெய்ரிக் வீட்டில் உட்கார்ந்த பிறகு அந்த வேலை ஒன்றுதான் அடுப்பை எரித்துக்கொண்டிருந்தது.

ஆலையில் எந்திரம் பழுது பார்த்த கை சும்மா இருக்குமா? அவன் அந்தக் கிழட்டுக் காரைப் பிடித்துக்கொண்டான். முதலில் மாற்றுச் சக்கரத்தைக் கழற்றினான். பிறகு பின் சீட்டு, அதற்கடியில் இருந்த கம்பளம், கூரைக் கம்பி எல்லாம் கொட்டகைக்குப் போயின. சக்கரங்களுக்குக் கேக் தட்டுகளை மூடியாகத் திருகினான். டயரில் காற்றைக் கல் மாதிரி ஏற்றிவிட்டான். சின்னக் குழியில் இறங்கினால்கூட டெலித்தின் பல் கிடுகிடுத்தது. மலை இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வரவும் பழக்கினான். இஞ்சின் நின்றால் பிரேக் இறுகும், ரெண்டு தடவைக்கு மேல் மிதித்தால் கால் வலிக்கும், அவ்வளவுதான் என்றான். முதல் தடவை மலையிலிருந்து சத்தமில்லாமல் இறங்கியபோது அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆனால் வாரக் கடைசிவரை வராத பெட்ரோல் அடுத்த வாரமும் வந்தது.

கூட வேலை செய்யும் நெரிஸ் அந்தக் காரைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னடி இது, விரதம் இருக்கிற வண்டியா? அடுத்து கதவையும் கழட்டிருவானா உன் புருஷன்?"

"கதவு கனம்தான். அவன் காதுல போட்டுறாத."

நெரிஸுக்கு மூன்று பெண் குழந்தைகள். புருஷன் போய்விட்டான். அவள் வண்டி பெரியது, பின்னால் குழந்தைகள் சிந்திய பிஸ்கட் தூளும் ஒற்றைக் கையுறைகளும் எப்போதும் கிடக்கும். அவள்தான் மற்ற பெண்களைத் திரட்டியவள். மைல் காசை ஏற்றாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மலைக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்கு யாரும் போவதில்லை, கம்பெனி வேறு ஆள் தேடிக்கொள்ளட்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். டெலித்தும் ஒத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கையுறைப் பெட்டிகள் எடுக்க அலுவலகத்துக்குப் போனாள். முன் சக்கரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று மெய்ரிக்கும் கூட வந்தான். அவள் பெட்டிகளோடு வெளியே வந்தபோது கிளை மேலாளர் ஹெவின் கையில் டீக் கோப்பையோடு காரைச் சுற்றிவந்துகொண்டிருந்தான்.

"இதெல்லாம் நீங்களே பண்ணுனதா?" என்று மெய்ரிக்கைக் கேட்டான்.

"வேற யாரு பண்ணுவா?"

"நெசமாவே மிச்சமாகுதா?"

மெய்ரிக் கீழே குனிந்து பலகையைத் தட்டிக் காட்டினான். காற்று எங்கே முட்டுகிறது, கனம் எங்கே இழுக்கிறது, இறக்கத்தில் என்ன செய்ய வேண்டும் எல்லாம் சொன்னான். "முன்னாடி குடிச்சதுல முக்கால்வாசிதான் இப்பக் குடிக்குது," என்றான். ஹெவின் இன்னொரு டீ வரவழைத்து அவன் கையில் கொடுத்தான். அலைபேசியில் படம் எடுத்தான்.

திங்கட்கிழமைப் பேச்சு டெலித்துக்கு நினைவு வந்தது. "மெய்ரிக், போலாம்," என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். ஆலை மூடிய நாளிலிருந்து அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. ஒருவன் அவனிடம் வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறான். வாயை மூடு என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பெட்டிகளை முன் சீட்டுக்குப் பின்னால் வெறும் தகரத்தின்மேல் அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவாலயத்தின் பின்கூடத்தில் ஹெவின் எல்லாரையும் கூப்பிட்டான். பிஸ்கட் வாங்கி வைத்திருந்தான். சுவரில் டெலித்தின் காரைப் பெரிதாகக் காட்டினான்.

"நம்ம டெலித் வழி காட்டியிருக்காங்க," என்றான். "மைல் காசு பத்தலைன்னு சொன்னீங்க. தலைமை அலுவலகத்துல பேசினேன். காசு பத்தாம இல்ல, வண்டிதான் அதிகமாக் குடிக்குதுன்னு சொல்றாங்க. இந்தக் கார் குடிக்கிற அளவை வெச்சு எல்லாருக்கும் புது மைல் காசு. அடுத்த மாசத்துலருந்து."

"ஏத்துறீங்களா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"கொஞ்சம் கொறையும். ஆனா வண்டியைச் சரி பண்ணிக்கிட்டா உங்களுக்கு நஷ்டமே இல்ல. அதைச் செய்ற கூலியைக் கம்பெனியே மெய்ரிக்குக்குக் கொடுத்துரும். வேண்டாம்ன்றவங்களைக் கட்டாயப்படுத்த மாட்டோம். மலைக்கு அந்தப் பக்கம் போக வேற ஆளுங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. நாற்காலிகள் ஒவ்வொன்றாக டெலித்தின் பக்கம் திரும்பின. நெரிஸ் மட்டும் திரும்பாமல் நேராகப் பார்த்தபடி சொன்னாள்: "நல்லா வழி காட்டினடி. எங்க போறதுன்னுதான் தெரியல."

டெலித்துக்கு அவமானத்தில் காது எரிந்தது. வீட்டுக்கு வந்து மெய்ரிக்கிடம் சொன்னபோது அவன் வெகுநேரம் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்."

"தெரியும்."

"செய்ய மாட்டேன்னு சொல்லிடவா?"

"நீ சொன்னா வேற எவனையாவது கூட்டிட்டு வருவான். அந்தக் கூலியும் போகும்." அதைச் சொன்னபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

திங்கட்கிழமை எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை சந்தில் கார்கள் வரிசையாக நின்றன. பெண்கள் சீருடையோடு சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். மெய்ரிக் நிமிராமல் வேலை செய்தான். டெலித் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சிலர் குடித்தார்கள், சிலர் கோப்பையைச் சுவர்மேல் வைத்துவிட்டார்கள்.

கடைசியாக நெரிஸின் வண்டி வந்தது. மெய்ரிக் உள்ளே குனிந்து பார்த்துவிட்டுத் தலையை வெளியே எடுத்தான்.

"இந்தப் பின் சீட்டை விட்டுரலாம் நெரிஸ். மத்ததை மட்டும் செய்யறேன்."

"மத்தது பத்துமா, என் வண்டிக்கு?"

அவன் திருகுச்சாவியைத் துணியில் துடைத்தான்.

"அப்பக் கழட்டு," என்றாள்.

"பள்ளிக்கூடத்துக்கு?" என்று டெலித் கேட்டாள்.

"கால் இருக்கில்ல அதுகளுக்கு."

சின்னவளுக்கான குழந்தை இருக்கையை நெரிஸ் தானே அவிழ்த்து முன்னால் வைத்தாள். நீளமான பின் சீட்டு வெளியே வந்ததும், அதைக் கொட்டகையில் போட வேண்டாம், வீட்டுக்கே எடுத்துப்போகிறேன் என்றாள். ஒரு முனையை அவள் தூக்கினாள். டெலித் கேட்காமலே மறுமுனையைப் பிடித்தாள். நெரிஸ் வீடு இருந்த மேல்தெருவரை ஏற்றம். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இரண்டு இடத்தில் கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள்.

அடுப்படிக்கு முன்னால் இருந்த சின்ன அறையில் சுவரை ஒட்டிப் போட்டார்கள். மூன்று பெண்களும் ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். மூத்தவள் ஜன்னல் பக்கம், நடுவில் சின்னவள், அந்தப் பக்கம் மற்றவள் என்று வண்டியில் உட்காரும்படியே உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவள் பெல்ட்டைத் தேடி இடுப்போரம் துழாவினாள். கிடைக்காததால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா வண்டியை எடுப்பதற்காகக் காத்திருந்தாள்.