ஸ்ட்ரெச்சர் எந்தக் கம்பெனி?

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளித்தான் எனக்குத் தலை நரைத்தது. அப்போது அதற்கு ஒரே முதலாளி, பெரிய டாக்டர். விளக்கு எரியாவிட்டாலும் அவரிடம்தான் சண்டைக்குப் போவார்கள், ஊசி போட்ட இடம் வீங்கினாலும் அவரிடம்தான். மனுஷன் வராந்தாவில் நின்று அத்தனையும் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டிருக்கிறதா என்று வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பார். அந்த வராந்தாவின் பினாயில் வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

போன வாரம் என் மனைவியை முட்டி ஆபரேஷனுக்கு அங்கேதான் சேர்த்தேன். லிஃப்ட் வாசலில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் கழன்று கீழே விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

"தப்பாப் போச்சுன்னு ஒருத்தராவது வந்து சொன்னாங்களா?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். சாப்பிடவும் இல்லை.

மேனேஜரிடம் போனேன். ஆஸ்பத்திரியை ஏதோ பெரிய குரூப் வாங்கிவிட்டதாம். கட்டடம் ஒரு கம்பெனி, ஸ்ட்ரெச்சர் ஒரு கம்பெனி, தள்ளுகிறவன் வேறு கம்பெனி. எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் ஒன்று செய்ததற்கு மற்றது பொறுப்பில்லை. இன்சூரன்ஸும் தனித்தனி.

"ஐயா, அந்த ஸ்ட்ரெச்சர் எங்களோடது இல்ல."

"விழுந்தது மட்டும் என்னோடதா தம்பி?"

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

சாயங்காலம் பெரிய டாக்டரின் மகள் வந்தாள். அவளும் இப்போது அங்கே டாக்டர். பாவாடை கட்டிய வயதில் என் ஸ்ட்ரெச்சரில் ஏறி உட்கார்ந்து, வேகமாகத் தள்ளச் சொல்லி உயிரை எடுத்தவள். எங்கள் முகத்தைப் பார்க்காமல் கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேம்மா" என்றேன்.

"முடியாது மாமா. எங்க தப்புன்னு நாங்க வாயத் திறந்தா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான். அத்தைக்கு வர வேண்டியதும் வராது."

வாய்க்குமா பூட்டு என்று எரிச்சலாக வந்தது. என் மனைவி மெல்லத் திரும்பினாள்.

"நீ சொல்ல வேணாம் கண்ணு. உங்கப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க தப்புதாம்மா, மனசுல வச்சுக்காதேன்னு சொல்லியிருப்பாரு. அப்புறம் மாமாவுக்கு நாலு திட்டு விழுந்திருக்கும்."

"இவரு என்ன பண்ணாரு?"

"சும்மா நின்னாருல்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனாள்.

இப்படி அப்பா வாயால் சொல்வதற்கும் கம்பெனியில் கேட்டுக்கொண்டுதான் வந்தாளோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். என் மனைவி சாப்பாட்டுத் தட்டை எடுத்துத் தரச் சொன்னாள். இடது கையால் சிந்திச் சிந்தி, முழுவதும் சாப்பிட்டாள்.