பெட்டிக்குத் தொட்டில்

காலையில் நான் நல்ல ஓட்டுநர். மதியத்துக்கு மேல் மோசமான ஓட்டுநர். எங்கள் பார்சல் கிடங்கின் சுவரில் மாட்டியிருந்த திரை அப்படித்தான் சொன்னது. அது ஏன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

எங்கள் வேன் ஒவ்வொன்றிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு கருப்புப் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு குட்டி எடை ஸ்பிரிங்கில் மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சடாரென்று நின்றால் எடை முன்னால் போகப் பார்க்கும், ஸ்பிரிங் இழுபடும். இழுப்பு ஓர் அளவைத் தாண்டினால், முரட்டு பிரேக் போட்டுவிட்டார் என்று பெட்டி தகவல் அனுப்பும். திரையில் நம் வண்டிக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி விழும். மாதக் கடைசியில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் வேனை ஒப்படைத்துவிட்டு இரவுக் கொட்டகையில் பார்சல் பிரிக்கப் போக வேண்டும்.

இரவு வேலை என்னால் முடியாது. வீட்டில் நானும் என் மகளும்தான். அவள் இரண்டாம் வகுப்பு. ராத்திரி அவளை யாரிடம் விட்டுப் போவது?

அதனால் என்னென்னவோ செய்து பார்த்தேன். பசியில் கால் அவசரப்படுகிறதோ என்று சீக்கிரமே சாப்பிட்டுப் பார்த்தேன். புள்ளி விழுந்தது. வேகத்தைக் குறைத்தேன். டெலிவரி தாமதமானது, வாசலில் நின்று திட்டு வாங்கினேன், அப்போதும் விழுந்தது. கடைசியில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். மாலை வரை ஒரு சொட்டு சிந்தவில்லை. கிடங்குக்குத் திரும்பித் திரையைப் பார்த்தால் என் பெயருக்கு நேராகப் பூந்தோட்டம்.

"என்ன ஆமையக்கா, இன்னைக்கும் செவப்பா பூத்திருக்கு?" என்றான் ராக்கெட்.

ராக்கெட் என்பது நாங்கள் வைத்த பெயர். எங்களில் அவன்தான் வேகம். எல்லோருக்கும் முன்னால் பார்சலை முடித்துவிட்டு, கிடங்கு வாசலில் டீயோடு நிற்பான். அவன் வண்டிக்கு நேராக மட்டும் ஒரு புள்ளிகூட இருக்காது. நான் கொட்டகைக்குப் போனால் என் தடம் அவனுக்கு. அகலமான சாலை, லிஃப்ட் வைத்த கட்டடங்கள். அதன்மேல் அவனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"பூத்தா பறிச்சிட்டுப் போ தம்பி" என்றேன்.

"எனக்கு எதுக்குக்கா? நம்ம வண்டிதான் புல்வெளி மாதிரி இருக்கே. எல்லாம் கால்ல இருக்கு வித்தை."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் கிடங்கில் எப்போதும் முணுமுணுவென்று பாடிக்கொண்டிருக்கும் ஒருவர் உண்டு. பாட்டுக்காரர் என்போம். அவர் மட்டும் சிரிக்காமல் என்னைத் தன் வண்டிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"வித்தை கால்லயும் இல்ல, கையிலயும் இல்ல. இங்க பாரும்மா" என்று டேஷ்போர்டுக்கு அடியில் கையைக் காட்டினார்.

கருப்புப் பெட்டி தன் இரும்புத் தகட்டோடு இரண்டு ஷூ லேஸில் ஊஞ்சல்போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"தொட்டில்" என்றார். "உனக்குத் தெரியாதா? நீ ஒருத்திதான் பாக்கி."

அந்தச் சூழ்ச்சியை நான் ரசிக்கத்தான் செய்தேன். பேருந்தில் தண்ணீர் வாளியைத் தரையில் வைத்தால் பிரேக் போட்டதும் தண்ணீர் சிந்தும். அதையே கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டால், வாளி முன்னால் ஆடிக்கொடுக்கும், தண்ணீர் அவ்வளவாகச் சிந்தாது. வாளியின் அடிப்பாகம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் கீழ்ப்பக்கம் என்று தண்ணீர் நம்பிவிடுகிறது. தொங்கும் பெட்டியும் அப்படித்தான். வண்டி அலறிக்கொண்டு நின்றாலும் பெட்டி ஆடிச் சாய்ந்துகொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும்.

"சீல் பெட்டி மேலதான் இருக்கு. தகட்டுல இல்ல. ஸ்க்ரூவக் கழட்டித் தொங்கவிட்டா யாருக்குத் தெரியும்?" என்ற பாட்டுக்காரர், தன் பையிலிருந்து ஒரு ஜோடி லேஸை எடுத்து என் கையில் வைத்தார். "கட்டிக்கோ. குழந்தை வச்சிருக்கிறவ."

லேஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் பள்ளிக்கூட முக்கைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

என் மகள் படிக்கும் பள்ளி. விடும் நேரம். நான் எதிர்ப்பக்கம் பார்சல் இறக்கிக்கொண்டிருந்தேன். ராக்கெட்டின் வேன் முக்கில் திரும்பி வந்தது. தண்ணீர் பாட்டிலை உருட்டிவிட்டு அதன் பின்னாலேயே ஒரு சிறுமி சாலையில் இறங்கினாள். டயர் கிறீச்சிட்டது. வேனின் மூக்கு தரையை முட்டுவதுபோலக் குனிந்து நின்றது. பாட்டில் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. சிறுமி ஒரு கை தூரத்தில் நின்றாள். அவள் என் மகள் இல்லை. ஆனால் அதே சீருடை, அதே ரிப்பன்.

சாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் நீளமாக விழுந்திருந்தன. அன்று மாலை திரையைப் பார்த்தேன். ராக்கெட்டுக்கு ஒரு புள்ளியும் இல்லை. தார்ச்சாலைக்குத் தெரிந்தது பெட்டிக்குத் தெரியவில்லை.

டீக்கடையில் அவனைப் பிடித்தேன்.

"பாத்தேன்" என்றேன்.

அவனுக்குப் புரிந்தது. கண்ணாடி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். "நிறுத்திட்டேன்ல?"

"நிறுத்துன. பெட்டிக்குத் தெரிஞ்சிருந்தா அந்த முக்குல அடுத்த தடவ மெதுவா வருவ. தெரியலன்னா இதே வேகத்துலதான் வருவ."

"அறிவுரையா? மொதல்ல உன் வண்டியப் பாரு. காலியா வரும்போது தகர டப்பா உருள்ற மாதிரி சத்தம். தெருமுனையிலயே கேக்குது, ஆமை வருதுன்னு."

எனக்குச் சுருக்கென்றது. திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

காலியாக வரும்போது.

முந்தின வாரம் ஒரு நாள் மதியம் எனக்குப் புள்ளியே விழவில்லை. அன்று ஒருவர் உடற்பயிற்சிக்கான இரும்பு எடைகளை வாங்க மாட்டேன் என்று திருப்பிவிட்டார். ரிட்டர்ன் பார்சல் என்றாலே எங்களுக்கு வேப்பங்காய். அன்று லிஃப்ட் வேறு ஓடவில்லை. மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறி, மறுபடி தூக்கிக்கொண்டு இறங்கினேன். வண்டியின் உள்ளே கொண்டுபோகத் தெம்பில்லாமல், திட்டிக்கொண்டே, என் இருக்கைக்குப் பின்னாலிருக்கும் தட்டிலேயே வைத்துவிட்டேன். அன்று மாலை வரை அது அங்கேயே இருந்தது.

டீயைக் குடிக்காமல் வேனுக்கு ஓடினேன். எல்லோருக்கும் பெட்டி டேஷ்போர்டில்தான் பொருத்தப்பட்டது. என் வண்டியில் அந்த இடம் விரிசல் விட்டிருந்ததால், பார்சல் அடுக்கும் தட்டின் இரும்புக் காலில் பெட்டியை மாட்டியிருந்தார்கள். தினமும் கண்ணில் படுகிற பொருள். ஒரு நாளும் யோசித்ததில்லை.

காலித் தட்டைக் கையால் குத்தினேன். கணகணவென்று அதிர்ந்தது. பெட்டியைத் தொட்டேன். குத்திய சத்தம் அடங்கிய பிறகும் அது காய்ச்சல்காரன்போல நடுங்கிக்கொண்டிருந்தது.

வெறும் டின்னைத் தட்டினால் ஒலிக்கும். அதில் மணலைக் கொட்டிவிட்டுத் தட்டுங்கள், தொப்பென்று அடங்கிவிடும். காலையில் தட்டு நிறைய பார்சல், மணல் கொட்டிய டின். வேகத்தடையில் ஏறி இறங்கினால் குலுங்கல் அங்கேயே அமுங்கிவிடும். மதியம் தட்டு காலி. அதே வேகத்தடை, அதே வேகம், ஆனால் இரும்புக் கால் ஒரு சின்னக் குலுக்கலைப் பல மடங்காக்கிப் பெட்டிக்குக் கொடுக்கிறது. பெட்டி அதை முரட்டு பிரேக் என்று எழுதுகிறது. டம்ளர் தண்ணீர் ஏன் சிந்தவில்லை? அது தட்டில் இல்லை, என் பக்கத்தில் இருந்தது.

அன்றிரவு லேஸ் இரண்டையும் மகளின் பள்ளி ஷூவில் கோத்தேன். பழையது இற்றுப்போயிருந்தது.

மாதக் கடைசி நாள். திரையில் நான்தான் கடைசி. மேற்பார்வையாளர் எல்லோரையும் கூட்டினார். அவரும் பல வருடம் வேன் ஓட்டியவர்தான். முழங்கால் தேய்ந்த பிறகு உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார்.

"சாவியக் குடும்மா. நாளையிலேருந்து கொட்டகை."

"தர மாட்டேன் சார்."

பாட்டுக்காரரின் முணுமுணுப்பு நின்றது.

"என்னம்மா பேசற?"

"நீங்க வாங்க. வண்டியில ஏறுங்க. நான் ஓட்டறது தப்புன்னா நானே சாவியக் கையில தரேன், கொட்டகைக்கு நடந்தே போறேன்."

"இது என்ன வேடிக்கையா? எல்லாத்தையும் பெட்டி சொல்லுது."

"பெட்டி பொய் சொல்லுதுங்கறேன்."

ராக்கெட் சிரித்தான். "தோத்தவங்க எல்லாம் தராசத்தான் குத்தம் சொல்வாங்க."

"நீயும் வா தம்பி. பின்னால நின்னு பாரு."

மேற்பார்வையாளர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். தட்டு காலியாக இருந்தது. டம்ளரில் தண்ணீரை நிரப்பி அவர் கையிலேயே கொடுத்தேன். கிடங்கு வாசலில் இருக்கும் வேகத்தடையில் எப்போதும்போல மெதுவாக ஏறி இறங்கினேன். அவர் சட்டை நனையவில்லை. கிடங்குக்குள் திரையின் முன்னால் நின்ற எங்கள் மெக்கானிக் அண்ணன் குரல் கொடுத்தார், "புள்ளி விழுந்துருச்சு!"

திரும்பி வந்து, தண்ணீர் கேன்களைத் தட்டில் ஏற்றினேன். அதே தடை, அதே வேகம். புள்ளி விழவில்லை. கேன்களை இறக்கச் சொன்னார். இறக்கினேன். விழுந்தது. அவரே இறங்கி, தட்டைத் தட்டிப் பார்த்தார். பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இத மாட்டுன புண்ணியவான் யாரு?"

மெக்கானிக் அண்ணன் கூரையைப் பார்த்தார். "விரிசல்னு எழுதிக் கொடுத்தேன் சார். எங்கயாவது மாட்டுன்னாங்க."

"சரி. உன் பெட்டிய எடம் மாத்திடலாம். இந்த மாசக் கணக்கு செல்லாதுன்னு நான் மேல சொல்றேன். வண்டிய எடுத்துட்டுப் போம்மா."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சாவி என் கையில். போயிருக்கலாம். நசுங்கின பாட்டில் ஞாபகத்துக்கு வந்தது.

"எனக்கு மட்டும்னா வேணாம் சார்."

"இன்னும் என்ன?"

"எல்லா வண்டியிலயும் ஒரே எடத்துல இருக்கணும். இருக்கைக்கு அடியில, தரையோட. அது வரைக்கும் என் வண்டி நகராது."

ராக்கெட் முன்னால் வந்தான். "எங்க பெட்டிக்கு என்னவாம்? எங்களுக்கு எதுக்கு மாத்தணும்?"

நான் அவனைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். தொட்டில் என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அந்தக் கிடங்கில் என்னைத் தவிர எல்லா ஓட்டுநருக்கும் அன்றே வேலை போயிருக்கும், லேஸ் கொடுத்தவர் உட்பட.

"ஒண்ணும் இல்ல" என்றேன். "பள்ளிக்கூட முக்குல ரெண்டு கறுப்புக் கோடு கெடக்குது. என் பெட்டி தரையில இருந்தா அத மாதிரி ஒண்ண நான் போட்டா தெரியும். உன்னோடதும் அதே மாதிரி தரையில இருக்கட்டும். அப்பறம் ஜெயிச்சுக் காட்டு. என் தடத்த நானே தரேன்."

மேற்பார்வையாளர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வேன் ஓட்டிய மனிதர். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

"மெக்கானிக் ஒவ்வொரு வண்டியாப் போனா இன்னைக்கு வேல ஓடாது" என்று யோசித்தார்.

"அவர் போக வேணாம் சார். தகட்டோட அவங்கவங்களே கழட்டிக் கொண்டு வந்து தரட்டும்" என்றேன்.

யாரும் அசையவில்லை. நான் என் பெட்டியைக் கழற்றி மெக்கானிக் மேசையில் வைத்துவிட்டு, இன்ஜினை அணைத்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்ற என் வேனின் படியில் உட்கார்ந்தேன். பின்னால் ஹாரன் கேட்டது. கேட்கட்டும் என்று இருந்தேன்.

முதலில் பாட்டுக்காரர் வந்தார். பெட்டியை மேசையில் வைத்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு லேஸ் நுனி எட்டிப் பார்த்தது. அதை உள்ளே தள்ளிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார். பிறகு ஒருவர், அவர் பின்னால் இருவர். மேசை நிறைந்தது. ஹாரன் அடித்தவரும் கொண்டு வந்தார்.

ராக்கெட் கடைசி. பெட்டியை டக்கென்று வைத்தான்.

"இனிமே பாக்கலாம் யாரு ஆமைன்னு" என்றான்.

"பாக்கலாம். முக்குல மட்டும் மெதுவா வா."

மேற்பார்வையாளர் மேலிடத்துக்குப் பேச போனை எடுத்தார். எண்ணை அழுத்துவதற்கு முன் என் பக்கம் திரும்பினார். "கேட்டா என்ன சொல்றது? சுருக்கமா சொல்லு."

சொன்னேன்:

"எல்லா வண்டியிலயும் பெட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில இருக்கணும். பெட்டிக்கு அடியில எதுவும் வைக்காம, எதுலயும் தொங்கவிடாம, தகட்டோட சேத்துத் தரையில போல்ட் போட்டு இறுக்கணும்."