அறுபத்தெட்டு வயது விண்ணப்பதாரர்

அப்பா விஷயத்தைச் சொன்னபோது அவரும் ஹெய்டியும் அவர் வீட்டு முன்னால் பனியை வாரிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஏரிக்கரை ஊரான டுலூத்தில் அதற்குள் இரண்டு பெரிய பனிப்பொழிவுகள் முடிந்துவிட்டன. ஏரியிலிருந்து வந்த காற்று, வாரிப் போட்ட பனியில் பாதியைத் திரும்பவும் பாதைக்கே கொண்டுவந்து கொட்டியது. அப்பா ஆர்வோ அதைப் பொருட்படுத்தாமல் ஒரே சீராக வாரிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் இரும்புத்தாதுக் கப்பல்களின் இயந்திர அறையில் இருந்தவர். எதையும் அவசரப்பட்டுச் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

"ஹெய்டி, உங்க டிபார்ட்மென்ட்ல எம்.ஏ.வுக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். பின்ன உங்கம்மாவுக்கா?"

அவள் பனிவாரியை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஓய்வு பெற்ற பிறகு அவர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு சின்னக் கல்லூரியில் ஒன்றும் இரண்டுமாகப் பாடங்கள் எடுத்துப் படித்து, போன வசந்தத்தில்தான் பட்டம் வாங்கியிருந்தார். மற்ற கிழவர்கள் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போவதைப் போல அவர் வகுப்புக்குப் போகிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆங்கில இலக்கியத்தில் மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்று வருகிற மாணவர்களிடம் சொல்வதற்கு, அந்தத் துறையில் பேராசிரியையான ஹெய்டி ஒரு பேச்சு வைத்திருந்தாள். கதவைச் சாத்தி, உட்கார வைத்து, மெதுவாகச் சொல்வாள். சிலர் அழுதிருக்கிறார்கள். அந்தப் பேச்சு அவள் வாயில் தானாகவே ஆரம்பித்துவிட்டது.

"அப்பா, ஒளிக்காம சொல்லிடறேன். இதைப் படிச்சா வேலை கிடைக்காது."

"அப்பாடா. வேலை கிடைச்சுடுமோன்னுதான் பயந்துட்டிருந்தேன்."

"நான் அட்மிஷன் கமிட்டியில இருக்கேன். உங்க ஃபைல் வந்தா நான் எழுந்து வெளிய போகணும்."

"போயேன். ஒரு எதிரி குறைஞ்ச மாதிரி ஆச்சு."

கதவைக் கொஞ்சமாகத் திறந்து அம்மா மார்லிஸ் தலையை நீட்டினாள். "சொல்லிட்டாரா? நான் அப்பவே சொன்னேன், பேரன் வயசுப் பசங்களோட போய் உட்காரப் போறியா ஆர்வோன்னு. கேட்டாத்தானே. உள்ள வாங்க, காபி ஆறுது."

திங்கட்கிழமையே ஹெய்டி துறைத் தலைவரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்த ஒரு விண்ணப்பத்திலிருந்து விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். அவர் சிரித்துவிட்டு, "எங்கப்பா கோல்ஃப்தான் ஆடறார், நல்லவேளை" என்றார். மகளாக உதவுவதில் தவறில்லை என்றும் சொன்னார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் விண்ணப்ப வேலை நடந்தது. அம்மா சுட்ட ஏலக்காய் ரொட்டியின் துணுக்குகள் காகிதங்களுக்கு நடுவில் கிடக்கும். ஏன் இலக்கியம் படிக்க விரும்புகிறீர்கள் என்பதற்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும். 'ஆதிகாலந்தொட்டு இலக்கியம் மனிதகுலத்தின் கண்ணாடியாக விளங்கி வருகிறது' என்று அப்பா ஆரம்பித்திருந்தார். ஹெய்டி அதை அடித்தாள்.

"அதுல என்ன தப்பு?"

"தப்பில்ல. நூறு பேர் இதையேதான் எழுதுவாங்க."

"நூறு பேர் சொன்னா உண்மையாத்தான் இருக்கும்."

"உங்களுக்கு ஏன் வேணும்னு எழுதுங்கப்பா. மனிதகுலத்தை விடுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவர் தலையைச் சொறிந்தார். மறுவாரம், வகுப்பில் ஒரு கவிதையை ஒரு மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்தபோது தன் காரை எங்கே நிறுத்தினோம் என்று மறந்துபோனதைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். நன்றாகவே இருந்தது. பரிந்துரைக் கடிதங்களுக்கும் இரண்டு ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். மிச்சமிருந்தது கட்டுரை மட்டும்தான். ஏதாவது ஒரு படைப்பைப் பற்றி இருபது பக்கம்.

அவர் கப்பலைப் பற்றி, புயலைப் பற்றி ஏதாவது நாவலை எடுப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் எடுத்தது ஒரு கவிதைப் புத்தகம். டகோட்டாவில் ஒரு கோதுமைப் பண்ணையில் வாழ்ந்து, புகழ் எதுவும் பெறாமலே செத்துப்போன ஒரு பெண்மணி எழுதியது. அறுவடைக் கூலிக்கு ஊர் ஊராகப் போகிற கணவன், வீட்டில் அவள், நீளமான கோடைக்காலம். அவ்வளவுதான் புத்தகம். அதில் அந்தக் கணவன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அப்பாவின் கட்டுரை அவனைப் பற்றியது.

ஹெய்டி அதைக் கல்லூரியில் தன் அறையில் வைத்துப் படித்தாள். நான்காவது பக்கத்தில் ஒரு பத்தி வந்தது. வேலை முடிந்து வீடு திரும்பிய கணவன் ஒரு கோப்பைக்காக எல்லா அலமாரிகளையும் திறந்து பார்க்கிறான். அவனுக்கு வீட்டின்மேல் அக்கறை இல்லை என்றுதான் கவிதையைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தன் வீட்டில் கோப்பை எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியிருப்பதைவிடக் கூச்சமான விஷயம் ஒருவனுக்கு இல்லை என்று அப்பா எழுதியிருந்தார். அவளுக்குத் தன் பள்ளிக்கூட வயது நினைவுக்கு வந்தது. ஜனவரி நடுவில் கப்பல்கள் துறைமுகத்தில் கட்டப்பட்ட பிறகு அப்பா வீட்டுக்கு வருவார். மார்ச் கடைசியில் மறுபடி போய்விடுவார். இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில், பெரிய உடம்போடு சமையலறையில் ஓசைப்படாமல் நடமாடுகிற ஓர் ஆள். சின்ன வயதில் அவரைப் பார்த்தால் அவளுக்கு லேசாகப் பயமாக இருக்கும்.

கடைசி மூன்று பக்கங்களில் கட்டுரை தடம் மாறியது. அந்தக் கணவன்மேல் குற்றமில்லை என்று நிரூபிக்கக் கிளம்பி, கவிதையில் இல்லாததையெல்லாம் அப்பா இழுத்துக்கொண்டு வந்திருந்தார். எந்த மாணவனுக்கும் எழுதுவதைப் போல ஹெய்டி ஓரத்தில் எழுதினாள்: 'இது வாசிப்பு இல்லை, வக்கீல் வாதம்.'

அப்பா ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருக்காக வாதாடறேன்னு நினைக்கிற?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

அவர் காகிதங்களைச் சேர்த்துத் தட்டி அடுக்கினார். அன்றைக்குச் சாப்பாட்டில் ஏரியில் பனிக்கட்டி எவ்வளவு தடிமன் ஆகியிருக்கிறது என்பதைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த ஞாயிறு தனக்கு ஜலதோஷம், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கிறிஸ்துமஸ் முடிந்து புதிய கட்டுரை மின்னஞ்சலில் வந்தது. மேற்கோள்கள் அந்தந்த இடத்தில் இருந்தன. அடிக்குறிப்புகளில் ஒரு பிழை இல்லை. 'எனக்குத் தோன்றுகிறது' என்ற ஒரு சொல்லும் இல்லை. வாதம் ஒவ்வொரு படியாக ஏறி முடிவுக்கு வந்து நின்றது. கோப்பைப் பத்தியைக் காணவில்லை. கமிட்டியில் யாரும் இதைக் குறை சொல்ல முடியாது. படித்த மறுநாளே யாருக்கும் நினைவிருக்கவும் இருக்காது. இதே மாதிரி எத்தனை மாணவர்களுடைய கட்டுரைகளைத் தான் சரி பண்ணிக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. கோட்டை மாட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குக் கிளம்பினாள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மறுநாள். அப்பா மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அனுப்பாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கோப்பை விஷயத்தை ஏன் எடுத்தீங்க?"

"நீதான சொன்ன, வக்கீல் வாதம்னு."

"நான் கடைசி மூணு பக்கத்தைச் சொன்னேன்."

"அந்த மூணு பக்கத்தை எடுத்தேன், கோப்பை தனியா நிக்கல."

 "இப்ப எதை அனுப்பறதுன்னு எனக்கே தெரியலப்பா" என்றாள். மாணவர்கள் யாரிடமும் அவள் இப்படிச் சொன்னதில்லை.

"அந்தப் பொம்பள பேரு என்ன?" என்று அம்மா கேட்டாள்.

"எந்தப் பொம்பள?" என்றார் அப்பா.

"கவிதை எழுதினவதான். ஒரு மாசமா என் மேசையில குடியிருக்காளே. அவ புருஷன் அப்படி என்னதான் பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல. வேலைக்குப் போனான், வந்தான்."

"அதுக்கு ஒரு புத்தகமே எழுதிட்டாளா?"

"ஆமா."

அம்மா குழாயை மூடினாள். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்து, செய்தித்தாள் புதிருக்கு வைத்திருந்த பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

"குடு."

"எதை?"

"ரெண்டையும்தான். முதல்ல எழுதினதை முதல்ல குடு."

"உனக்குத்தான் இலக்கியம்னா போரடிக்குமே, மார்லிஸ்."

"இலக்கியம் போரடிக்கும். இதுல தெரிஞ்சவங்க இருக்காங்க போலிருக்கே."

அப்பா ஹெய்டியைப் பார்த்தார்.  அவர் எழுந்து போய்ப் பழைய கட்டுரையைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார். தன் நாற்காலிக்குத் திரும்பாமல் குளிர்பெட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார். தேர்வு முடிவுக்காகத் தாழ்வாரத்தில் நிற்கிற பையன்கள் அப்படித்தான் நிற்பார்கள், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"நான் கிளம்பறேன்" என்றாள் ஹெய்டி. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே காரின் கண்ணாடியில் அதற்குள் பனி இறுகியிருந்தது. இயந்திரத்தை ஓட விட்டுவிட்டு அவள் சுரண்ட ஆரம்பித்தாள். சமையலறை ஜன்னல் நேர் எதிரில் இருந்தது. அம்மா குனிந்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். கொஞ்சம் யோசித்து, ஓரத்தில் எதையோ எழுதினாள். கொஞ்சம் நீளமாகவே எழுதினாள். பிறகு தலையைத் தூக்காமல் என்னவோ கேட்டாள். அப்பா பதில் சொன்னார். அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடி ஏதோ கேட்டாள்.

ஹெய்டி சுரண்டுவதை நிறுத்தியிருந்தாள். அப்பா குளிர்பெட்டியை விட்டு நகர்ந்து, ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். எழுதியிருந்ததைப் படிக்கக் கழுத்தை நீட்டினார். அம்மா பக்கத்தைத் திருப்பவில்லை. பென்சில் முனை அதே வரியின் மேல் ஊன்றி நின்றது.