எழுபத்தி நாலு புள்ளி ரெண்டு

லொசலினியால ஒரு இடத்துல நிக்க முடியல. சனிக்கிழமை மத்தியானம், டப்போ ஊர்ல இருக்குற முதியோர் இல்லத்துல அறுபது பேருக்கு அவ ஒருத்திதான் நர்ஸ். மெர்வின் தாத்தாவுக்கோ மூச்சு வாங்குது.

இதயம் பலவீனம், உடம்புல நீர் கோத்துக்கும். செவ்வாய்க்கிழமைதான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தாரு. அங்க வராந்தாவுல பதினோரு மணி நேரம் ஸ்ட்ரெச்சர்லயே கிடந்து, முதுகுல புண்ணோட திரும்பின மனுஷன்.

"மறுபடி அங்க அனுப்பினே, செத்தாலும் உன்னை விடமாட்டேன் பொண்ணே."

"திட்ட மூச்சு இருக்குல்ல, நல்லாத் திட்டுங்க தாத்தா." சிரிச்சுதான் சொன்னா. 

கூட உதவியாளா இருக்குற டேரன் ஃபோனை நீட்டினான். "ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுரு அக்கா. நமக்கெதுக்கு வம்பு?"

அதுதான் சுலபம். இங்கயே வச்சுக்கிட்டு ஏதாவது ஆச்சுன்னா அவ லைசென்ஸே போயிரும். ஆனா அனுப்பினா இந்தத் தடவை அவர் திரும்பி வருவாரா?

எடைச் சீட்டை எடுத்தா. தினம் எடை பாருங்க, ரெண்டு கிலோ ஏறினா டாக்டருக்குச் சொல்லுங்கன்னு ஆஸ்பத்திரியில எழுதியிருந்தாங்க. புதன் 74.2. வியாழன் 74.2. வெள்ளி 74.2. இன்னைக்கும் அதே.

"டேரன், இவரு மனுஷனா கல்லா? ஒரு கிராம் கூடவா அசையல?"

அவன் கழுத்தைச் சொறிஞ்சான். "உக்கார வச்சு எடை பாக்குற மெஷின்ல பேட்டரி இல்லக்கா. ஒரு நாள்ல என்ன ஏறிடப் போகுதுன்னு, முந்தின நாள் எழுதினதையே..."

"மூணு நாளுமா?"

டேரன் பக்கத்துக் கட்டடத்துலேருந்து வேற மெஷினை உருட்டிட்டு ஓடி வந்தான். உக்கார வச்சுப் பாத்தா, எழுபத்தெட்டு புள்ளி ஆறு.

ஃபோன்ல டாக்டர், "அனுப்பிரும்மா"ன்னாரு.

"டாக்டர், நாலு கிலோவுக்கு மேல நீர் ஏறியிருக்கு. நெஞ்சுவலி இல்ல. ஆக்சிஜன் தொண்ணூத்தி மூணு. நீர் போற ஊசியை இங்கயே போடலாமா? நான் பக்கத்துலயே இருக்கேன்."

டாக்டர் எடையை மறுபடியும் கேட்டு வாங்கிக்கிட்டாரு. "ரெண்டு மணி நேரம் பாரு. தொண்ணூறுக்குக் கீழ போனா உடனே அனுப்பணும்."

ஊசி போட்டா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் விரல்ல ஆக்சிஜன் பாக்குற கிளிப்பை மாட்டிப் பாத்தா. தொண்ணூத்தி ரெண்டு. தொண்ணூத்தி ஒண்ணு.  ஆம்புலன்ஸ் நம்பரை அடிச்சு, பெருவிரலை மேலயே வச்சிருந்தா.

"ஏன் முறைச்சுப் பாக்குறே? மூத்திர பாட்டிலைக் கொடு, சீக்கிரம்!"

ஒரு பாட்டில் நிறைஞ்சுது. இன்னொண்ணும் நிறைஞ்சுது. தொண்ணூத்தி நாலு.

நாலரை மணிக்கு டாக்டர், "அங்கயே இருக்கட்டும், காலையில எடை பாத்துட்டு கூப்பிடு"ன்னாரு. சொல்லலாம்னு திரும்பினா, தாத்தா தூங்கிட்டாரு. அவர் மூச்சை எண்ணினா. நிமிஷத்துக்குப் பதினெட்டு, சரியான கணக்குதான்.

ஆனாலும் அந்த எண்ணு மேல நம்பிக்கை வரல. நாற்காலியை இழுத்துப் போட்டு, மறுபடியும் ஒண்ணுலேருந்து எண்ண ஆரம்பிச்சா.